ஜெல் போத்தலைத் தனியாக விற்காதீர்கள்: மலையகத்து அழகுசாதனக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளை, கண்டி நகரங்களில் பென்சிக் கடையும் அழகுசாதனக் கடையும் நடத்தும் முதலாளிமாருக்கும், அங்கே கவுண்டரில் நின்று பதில் சொல்லும் தங்கைகள் தம்பிகளுக்கும் வணக்கம்.

இதை எழுதும் நாங்கள் மலையகத்தில் நகத் தொழில் செய்கிறவர்கள், அதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள். எங்கள் சாமானையும் உங்களிடம்தான் வாங்குகிறோம். தொழில்முறை நகப் பொருட்களைப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது என்று சில பார்லர்காரர்கள் உங்களிடம் வந்து சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் நிறுத்தினால் அதே பெட்டி பார்சலில் வீட்டுக்கு வரும். கேள்வி கேட்கக் கவுண்டரில் ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். தோட்டத்து வீட்டில் இருந்தபடி நாலு பேருக்கு நகம் போட்டு வீட்டுச் செலவைப் பார்க்கிற பெண்களும் உங்கள் கடையை நம்பித்தான் இருக்கிறார்கள். விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எதை எதோடு சேர்த்து, யாருக்கு, என்ன சொல்லி விற்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஜெல். இப்போது பெரும்பாலான கடைகளில் சாதாரண கியூடெக்ஸும் ஜெல் பொலிஷும் ஒரே தட்டில், ஒரே அளவுப் போத்தலில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சாதாரண கியூடெக்ஸில் இருக்கிற கரைப்பான் காற்றில் ஆவியாகிப் போகும், மிச்சம் படலமாகக் காயும். ஜெல்லில் ஆவியாக அனேகமாக ஒன்றும் இல்லை. அது அக்ரிலேட், மெதக்ரிலேட் என்ற சின்ன மூலக்கூறுகளின் கலவை. சரியான ஒளி பட்டால்தான் அவை ஒன்றோடொன்று கோத்து இறுகும். அந்த ஒளியைத் தரும் லாம்ப் இல்லாமல் இதை வாங்கிக்கொண்டு போகும் பிள்ளை பூசிவிட்டு ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வெயிலில் பிடிக்கும், காயவில்லை என்று தலையணையிலும் கன்னத்திலும் அப்பிக்கொள்ளும். அப்பிக்கொள்வது இறுகாத மெதக்ரிலேட். தோலுக்கு ஒவ்வாமையைப் பழக்கிவிடும் பொருள் அதுதான். முழுதாக இறுகிய ஜெல்லால் அனேகமாக ஒன்றும் ஆகாது. சங்கடம் முழுவதும் அரைகுறையாக இறுகியதில்தான்.

அரைகுறை என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பாதியளவு இறுகினாலே ஜெல் தொடுவதற்குக் கெட்டியாகிவிடும். மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கிற ரொட்டி போல, மேற்பரப்பு பளபளக்கும், நகத்தை ஒட்டியிருக்கிற அடிப்பகுதி பச்சையாகவே கிடக்கும். நாட்கணக்காக, வாரக்கணக்காக அந்தப் பச்சை நகத்தோடும் ஓரத் தோலோடும் உரசிக்கொண்டிருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது? பெரும்பாலும் லாம்ப்தான் காரணம். ஜெல்லில் ஒளி பட்டதும் வேலையைத் தொடக்கிவிடும் ஒரு பொருள் இருக்கிறது. அது 365 நானோமீற்றர், 405 நானோமீற்றர் அலைநீளங்களைச் சுற்றி ஒளியை உறிஞ்சும். எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரு கம்பனியின் ஜெல் அதே கம்பனியின் லாம்பில் இத்தனை விநாடி என்று சோதித்துத்தான் வெளியே வருகிறது. நீங்கள் ஒரு இடத்து ஜெல்லையும் இன்னொரு இடத்து லாம்பையும் ஜோடி சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சோதனை பயனில்லாமல் போகிறது.

பெட்டியில் உள்ள வாட் எண்ணை நம்பி வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். அடுத்த முறை லாம்ப் சரக்கு வந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 24 வாட். அந்த அடாப்டரோடு வரும் லாம்பின் பெட்டியில் 120 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் அலங்காரம். யூஎஸ்பி வயரில் ஓடும் கைக்கடக்கமான சின்ன லாம்ப் 5 வோல்ட், 1 அம்பியர் என்றால் 5 வாட்தான். அதில் விளக்குக்கு நேர் கீழே இருக்கிற ஒன்றிரண்டு நகங்களுக்கு மட்டும் ஒழுங்காக ஒளி படும். நாலு விரலை நீட்டினால் சுண்டுவிரல் இருட்டில். பெரிய லாம்பிலும் பெருவிரல் சரிந்துதான் இருக்கும். இரண்டு பெருவிரலையும் தனியாக, நகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். இதைக் கவுண்டரில் சொல்ல அரை நிமிடம் போதும்.

இரண்டாவது காரணம் தடிப்பு. இது நம்முடைய ஊருக்கே உரிய சிக்கல். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். குளிரில் ஜெல் தடித்துவிடும். பிரஷில் அள்ளினால் ஒரு கட்டியாக வரும், அப்படியே வைத்து இழுப்பார்கள். கொழும்பில் எடுத்த வீடியோவில் தண்ணீராக ஓடுகிற அதே போத்தல் நானுஓயாவில் ஓடாது. பூச முன் போத்தலை மூடியபடி உள்ளங்கையில் வைத்து உருட்டலாம், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். பிரஷின் ஒரு பக்கத்தைப் போத்தல் கழுத்தில் வழித்துவிட்டு மெல்லியதாக இரண்டு, மூன்று கோட் போட வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக லாம்ப். கறுப்பும் வெள்ளையும் ஒளியை உள்ளே விடாத நிறங்கள், அவற்றை இன்னும் மெல்லியதாக. தடிப்பாகப் போட்டால் மேலே சுருங்கும், உள்ளே சூடு கிளம்பிச் சுருக்கென்று சுடும். சுட்டால் கையை வெளியே எடுத்துவிட்டு, சூடு அடங்கியதும் மறுபடி வைத்து முழு நேரத்தையும் கொடுக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனாலும் அதே கணக்கு: விட்ட இடத்தில் இருந்தல்ல, முதல் விநாடியில் இருந்து.

நகத்தோலுக்கு ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பூசுவது அழகுக்காக அல்ல. தோலில் பட்டால் லாம்பில் வைக்க முன்னரே, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த குச்சியால் துடைத்துவிட வேண்டும். கடைசியில் டொப் கோட்டின் மேல் ஒரு பிசுபிசுப்பு மிஞ்சுமே, அதுவும் இறுகாத மெதக்ரிலேட்தான். ஒரே பஞ்சால் பத்து விரலையும் துடைத்தால் அதைத் தோலெல்லாம் பரப்புகிறோம். நகத்துக்கு ஒரு துண்டு. மெல்லிய கையுறை போட்டிருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம்; மெதக்ரிலேட் லேட்டெக்ஸைச் சட்டென்று ஊடுருவிவிடும், நைட்ரைல் கொஞ்ச நேரம் தாங்கும். கையுறையில் ஜெல் பட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

ஒவ்வாமை வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். முதலில் நகத்தைச் சுற்றி அரிப்பு, பிறகு விரல் நுனி வெடிப்பு, சிலருக்கு நகம் சதையை விட்டுக் கிளம்பும். விரலால் தொட்ட இமையும் கழுத்தும்கூடத் தடிக்கும். இது ஆறிப் போகிற காரியம் அல்ல. உடம்பு ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் ஆயுள் முழுதும் மறக்காது. அதே குடும்பத்துப் பொருட்கள் பல் அடைக்கும் வெள்ளைக் கலவையிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் எலும்பை ஒட்டும் சீமெந்திலும், சர்க்கரை அளக்கத் தோலில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் இருக்கின்றன. பதினேழு வயதில் தீபாவளிக்குப் போட்ட நகத்தைப் பற்றி அறுபது வயதில் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் சொல்ல வேண்டி வரலாம்.

பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் 2018இல் வீட்டில் போடும் ஜெல் பெட்டிகளைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா, டை-ஹெமா என்ற இரண்டு மெதக்ரிலேட்டுகளை நகப் பொருட்களில் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும் என்று 2020 நவம்பரில் விதித்தது. 2021 செப்டம்பருக்குப் பிறகு அந்த எச்சரிக்கை வாசகம் இல்லாத போத்தல் அங்கே கடையில் இருக்க முடியாது. ஜெல்லை ஒளியில் இறுக வைக்கும் டிபிஓ என்ற பொருளையும் 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். இந்த விதிகள் இலங்கைக்குச் செல்லாது, உண்மை. ஆனால் அங்கே விற்க முடியாமல் போன சரக்கு விலை குறைந்து வேறு சந்தை தேடும். திடீரென்று மலிவாக வருகிற பழைய சரக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். போத்தலில் ஹெமா என்பது ஆங்கிலத்தில் நாலெழுத்தாகவே இருக்கும். டிபிஓ மட்டும் டிரைமெதைல்பென்சாயில் டைபீனைல்பொஸ்பீன் ஒக்சைட் என்று நீட்டி முழக்கி இருக்கும். ‘ஹெமா இல்லை’ என்ற ஸ்டிக்கர் இருந்தால் ஒவ்வாமையே வராது என்று விற்காதீர்கள், ஏனைய மெதக்ரிலேட்டுகள் உள்ளேதான் இருக்கின்றன.

அடுத்தது அக்ரிலிக் நகத்துக்கான மோனோமர், அதாவது பவுடரோடு சேர்த்து உருண்டையாக்கி நகத்தில் வைக்கும் திரவம். இதில்தான் எங்களுக்கு உங்கள் மீது உண்மையான கோபம். பெரிய கேனில் வாங்கி, பெயர் எழுதாத சின்னப் போத்தலில் பிரித்து விற்கிறீர்கள். சில இடங்களில் தண்ணீர்ப் போத்தலில். அது ஈஎம்ஏயா (எதைல் மெதக்ரிலேட்) எம்எம்ஏயா (மெதைல் மெதக்ரிலேட்) என்று உங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. எம்எம்ஏ என்பது பொய்ப்பல் செய்யும் அக்ரிலிக்கின் திரவம். நகத்தில் அது கல்லாக இறுகும். எங்காவது இடித்தால் அக்ரிலிக் உடையாது, அடியில் இருக்கிற சொந்த நகம் பிய்ந்து வரும். அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகம் 1970களின் தொடக்கத்திலேயே நூறு சதவீத எம்எம்ஏ நகத் திரவங்களுக்கு எதிராக நீதிமன்றம் போனது. கண்டுபிடிக்க வழி உண்டு. எம்எம்ஏயின் வாசம் மூக்கில் குத்தும், வழக்கமான மோனோமரின் வாசமாக இருக்காது. இறுகிய துண்டொன்றை அசற்றோனில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஈஎம்ஏ என்றால் இளகிக் கூழாகும், எம்எம்ஏ ஏறக்குறைய அப்படியே கிடக்கும். மிக மலிவான விலையும் காட்டிக்கொடுக்கும்.

நல்ல மோனோமரும் நம்முடைய குளிரில் வம்பு பண்ணும். 21 பாகைக்குக் கீழே வைத்த உருண்டையில் உறைபனி போல வெள்ளைக் கோடுகள் தோன்றும். பவுடர் பழுது என்று உங்களிடம் திருப்பிக் கொண்டுவருகிறார்களே, அவற்றில் பாதி இந்தக் குளிரின் வேலை. அதைச் சரிசெய்கிறேன் என்று திரவத்தைக் கூட்டுவது மகா தப்பு. பவுடர் ஒரு பங்குக்குத் திரவம் ஒன்றரைப் பங்கு போதும். இரண்டு பங்கைத் தாண்டினால் உருண்டை ஓடித் தோலில் பாயும், இறுகாத மோனோமர் மிஞ்சும். அறையைச் சூடாக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளரின் கையைச் சூடாக்க வேண்டும்.

அக்ரிலிக் பிடிக்க நகத்தில் முதலில் பூசும் அமில பிரைமரும் மோனோமரோடு இதே கணக்கில்தான் சேரும். அதில் இருப்பது மெதக்ரிலிக் அமிலம். குழந்தையின் வாயில் பட்டால் வெந்துவிடும். அமெரிக்காவில் 1999இல் கொண்டுவந்த விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் இந்த அமிலம் உள்ள வீட்டுப் பாவனைப் பொருட்களுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம். உங்கள் தட்டில் இருக்கிற பிரைமரின் மூடியை ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.

பசைக் குப்பி சின்னது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. டிப்ஸ் என்ற பிளாஸ்டிக் நக நுனிகளை ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட். பஞ்சிலும் பருத்தித் துணியிலும் கம்பளியிலும் அது ஊறினால் வேகமாக இறுகி, தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. நம்முடைய பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரோடு இருப்பவர்கள். மடியிலோ கைமடிப்பிலோ கொட்டினால் உடனே நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. விரல் ஒட்டினால் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். குப்பியின் வடிவம் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பியை அப்படியே ஒத்திருக்கிறது. பாட்டியின் கண் மருந்து இருக்கும் அலுமாரியில் இதை வைக்க வேண்டாம் என்று விற்கும்போதே சொல்லுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் தண்ணீரால் கழுவி, இமையை இழுத்துத் திறக்காமல் நேரே வைத்தியசாலை. 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அசற்றோன் தனிக் கதை. அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே, ஏறத்தாழ 20 பாகை. அதாவது நுவரெலியாவில் தரையில் உறைபனி விழுகிற தை மாத விடியலிலும் அது பற்றும். ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போகும். பத்துக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில், குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு, விறகடுப்பும் சாமி விளக்கும் எரிகிற அறையில், பத்து விரலுக்கும் அசற்றோன் பஞ்சு கட்டி உட்கார்வது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். சீக்கிரம் கழறட்டும் என்று கிண்ணத்தை அடுப்பில் வைத்துச் சூடாக்குவோரும் இருக்கிறார்கள். ஒரு லீற்றர் கேனைப் பொதுமக்களுக்குக் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. 100 மில்லிலீற்றர் ஒரு தடவைக்குத் தாராளம். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அந்தப் பிளாஸ்டிக்கை அது மெதுவாகக் கெடுக்கும், அதைவிட முக்கியம், தாகத்தில் யாராவது எடுத்துக் குடிப்பார்கள்.

கழற்றும் முறை தெரியாதவருக்கு ஜெல் விற்பது பாதி விற்பனைதான். மேல் பளபளப்பை ஃபைலால் உடைத்து, அசற்றோன் நனைத்த பஞ்சை வைத்து, ஃபொயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். இளகாத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி ஐந்து நிமிடம். பிய்த்து எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கு கூடவே உரியும். விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவே வளரும்; முழுதாக மாற ஆறு மாதம். நிமிடத்துக்கு 35,000 சுற்று என்று போட்ட ட்ரில் மெஷினைப் பழகாத கையில் கொடுத்தால் நகத்தின் அடியில் சிவப்பு வளையம் விழும்வரை தேய்ப்பார்கள். சொந்த நகத்தில் 180 கிரிட்டுக்குக் கீழ்ப்பட்ட சொரசொரப்பான ஃபைல் படவே கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்டால் இன்னொன்றும் சொல்லுங்கள்: காலைப் பனியிலும் மழையிலும் நனையும் கையில், ஓரம் கிளம்பிய ஜெல்லுக்கு அடியில் ஈரம் தங்கும், பச்சை நிறம் படரும். அது பக்டீரியா. மேலே இன்னொரு கோட் போட்டு மறைக்கக் கூடாது, கழற்றிவிட்டுக் காயவிட வேண்டும்.

சரி, கடையில் என்ன செய்யலாம்? சாதாரண கியூடெக்ஸ், ஃபைல், நக எண்ணெய், ஸ்டிக்கரில் ஒட்டும் பொய் நகம் எல்லாம் எல்லார் கைக்கும் எட்டும் தட்டில் இருக்கட்டும். ஜெல், பேஸ் கோட், டொப் கோட், லாம்ப், பசை, அசற்றோன் எல்லாம் கவுண்டருக்குப் பின்னால். அப்போதுதான் கேட்டு வாங்க வேண்டி வரும், உங்களுக்கும் பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் ஜெல்லைக் காட்சிக்கு வைக்காதீர்கள். போத்தலுக்குள்ளேயே இறுகிப்போனதற்கு யார் பணம் கொடுப்பார்? மோனோமர், பிரைமர், நகத்தை நீட்டிக் கட்ட டப்பாவில் வரும் பில்டர் ஜெல், ட்ரில் இவை தொழில் செய்கிறவருக்கு மட்டும்.

தொழில் செய்கிறவர் என்று எப்படி அறிவது? என்விக்யூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் காட்டுபவர் காட்டட்டும். ஆனால் சான்றிதழ் இல்லாதவரைத் துரத்த வேண்டாம்; பழகித் தேர்ந்த பலரிடம் கடதாசி இல்லை. மூன்று கேள்வி போதும். இந்த ஜெல்லுக்கு என்ன லாம்ப் வைத்திருக்கிறீர்கள், எத்தனை விநாடி? தோலில் பட்டால் என்ன செய்வீர்கள்? எப்படிக் கழற்றுவீர்கள்? தொழிலில் இருப்பவர் மூச்சு விடாமல் பதில் சொல்வார். தடுமாறுகிறவருக்கு ஸ்டிக்கர் நகத்தைக் காட்டுங்கள். வீட்டுப் பாவனைக்கு ஜெல் கேட்பவரிடம் நாலாவதாக ஒன்று: முன்பு போட்டபோது விரல் அரித்ததா? ஆம் என்றால் வேறு பிராண்டை எடுத்துக் காட்டாதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். பாடசாலை உடுப்போடு வந்து கேட்கும் பிள்ளைக்கு ஜெல்லே வேண்டாம், எத்தனை சடங்கு வீடு இருந்தாலும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு லேபல், பொதியிடல் பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தி, நகப் பொருட்களில் தமிழிலும் சிங்களத்திலும் இந்த விபரங்களைக் கேளுங்கள்: இறக்குமதி செய்தவர் யார், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எந்த அலைநீள லாம்ப், எத்தனை விநாடி, தோலில் படக் கூடாது என்ற எச்சரிக்கை. மோனோமரையும் அசற்றோனையும் பெயரின்றிப் பிரித்து விற்பதைத் தடுத்தால் அதுவே பெரிய காரியம்.

கையிலிருக்கும் பழுதான சரக்கை என்ன செய்வது என்று முதலாளிமார் கேட்பீர்கள். லேபல் இல்லாத மோனோமரைச் சிங்க்கிலோ கானிலோ ஊற்றாதீர்கள், நம்முடைய கானெல்லாம் ஓயாவில்தான் போய் விழுகிறது. காற்றோட்டமான இடத்தில் பழைய அக்ரிலிக் பவுடரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கட்டியாக்கி, ஆறியபின் குப்பையில் போடலாம். ஒரேயடியாகக் கலந்தால் சூடேறிப் புகையும். பழைய ஜெல்லை ஃபொயிலில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் இறுகவிட்டு வீசலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதி வைத்திருக்கிறோம். சாமான் வாங்க வரும் எங்களில் யாரிடம் கேட்டாலும் தருவோம். ஒவ்வொரு ஜெல் போத்தலோடும் பைக்குள் ஒன்று போட்டுக் கொடுங்கள்.